தினசரி மாத்திரையா, மாத ஊசியா, குளோசபினா? மனச்சிதைவு நோய் திரும்பிய வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு

மனச்சிதைவு நோய் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ திரும்பிய வீட்டில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். இதே மாத்திரையைத் தொடர்வதா, மாதம் ஒரு ஊசிக்கு மாறுவதா, அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன குளோசபினுக்குப் போவதா? சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊசி என்றாலே நோய் முற்றிவிட்டது என்பார் ஒருவர். குளோசபினுக்கு அப்புறம் மருந்தே கிடையாது என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு.

மூன்றும் மூன்று வேறு சிக்கல்களைத் தீர்க்க வந்தவை. மருந்து உடலுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு விடை ஊசி. ஒழுங்காகப் போயும் குரல்கள் ஓயவில்லை, சந்தேகம் தணியவில்லை என்றால் அதற்கு விடை குளோசபின். இரண்டு சிக்கலும் இல்லாதவருக்கு மாத்திரையே போதும். இந்த முதல் கேள்வியைக் கேட்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனதால் ஐந்து, பத்து ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் ஏராளம்.

இந்தக் கேள்வி உங்களுக்கானதுதானா?

இல்லாத குரல் கேட்பதும், யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையும் மனச்சிதைவில் மட்டும் வருவதில்லை. திடீரென்று வந்து ஓரிரு மாதங்களில் முழுதும் விலகிவிடும் குறுகிய கால மனநோய் நம் நாட்டில் அரிதல்ல. பிரசவமான முதல் சில வாரங்களில் வருவது உண்டு. கஞ்சாவால் வருவது உண்டு. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வருவது உண்டு. வலிப்பு, தைராய்டு கோளாறு, மூளைக்காய்ச்சல் ஆகியவையும் இதே முகத்தோடு வரும். இருதுருவ மனநோயில் மனம் எகிறும்போது இந்த அறிகுறிகள் வரும். அங்கே லித்தியம் போன்ற மனநிலை நிலைப்படுத்திகள்தான் சிகிச்சையின் முதுகெலும்பு.

இப்படிப்பட்டவர்களுக்கு நீடித்த ஊசியோ குளோசபினோ முதல் பேச்சே அல்ல. கீழே வருவது, மனச்சிதைவு என்று உறுதியாகி, முதல் மருந்தோ இரண்டாவது மருந்தோ கைகொடுக்காத நிலையில் இருப்பவர்களுக்கானது.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், போன முறை ஏன் தோற்றது என்பது. 'மருந்துக்கு அடங்காத நோய்' என்று சொல்ல உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை உண்டு: இரண்டு வெவ்வேறு மருந்துகள், ஒவ்வொன்றும் போதிய அளவில், குறைந்தது 6 வாரம், அதில் 80 சதவீத மாத்திரைகளாவது உண்மையில் விழுங்கப்பட்டிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலான கணக்குகள் உடைகின்றன. 'தினமும் கொடுக்கிறோம்' என்பதும் 'தினமும் விழுங்குகிறார்' என்பதும் ஒன்றல்ல. கண்டுபிடிக்க எளிய வழி எண்ணுவது. தினம் 2 மாத்திரை என்றால் 30 நாளில் 60 தீர்ந்திருக்க வேண்டும். அட்டையில் 20 மீதி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகவில்லை. மருந்துக்கடை ரசீதுகளின் தேதிகளும் உண்மையைச் சொல்லும்.

பீடி, சிகரெட் கணக்கையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். புகையிலை எரியும் புகை, கல்லீரலில் சில மருந்துகளை வேகமாகச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். ஒலான்சபினும் குளோசபினும் இதில் மாட்டுபவை. மருத்துவமனையில் புகைக்க முடியாமல் இருந்தபோது சரியாக வேலை செய்த அளவு, வீட்டுக்கு வந்து தினம் ஒரு கட்டு பீடி பிடிக்க ஆரம்பித்ததும் போதாமல் போகும். மருந்து தோற்றதாகத் தெரியும். உண்மையில் மருந்தின் அளவு சரிந்திருக்கும்.

இரண்டாவது அளவுகோல் உடல். சர்க்கரை இருக்கிறதா, இடுப்புச் சுற்றளவு ஏறுகிறதா, கை நடுக்கம் வருகிறதா, மாதவிடாய் நின்றிருக்கிறதா, குழந்தை பெறும் திட்டம் இருக்கிறதா, மலச்சிக்கல் பழைய தொல்லையா? மூன்றாவது, வழியும் துணையும்: ரத்தம் எடுக்கும் லேப் எவ்வளவு தூரம், ஊசி போடும் இடம் எவ்வளவு தூரம், கூட யார் போவார். நான்காவது, திருப்பி எடுக்க முடியுமா என்பது. மாத்திரையை இன்றிரவே நிறுத்தலாம். ஊசியை உடலிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

ஐந்தாவது, மருந்து சாப்பிடப்போகிறவர் என்ன சொல்கிறார் என்பது. இதைக் கடைசியில் கேட்கும் வீடுகளில்தான் மற்ற நான்கும் வீணாகின்றன.

தினசரி மாத்திரை

நோயைப் பற்றி ஓரளவு புரிதல் உள்ளவர், பக்கவிளைவைச் சொல்லக்கூடியவர், இரவுச் சாப்பாட்டோடு மாத்திரையையும் சேர்த்துப் பழகியவர்: இவர்களுக்கு மாத்திரையை மாற்ற அவசியமே இல்லை. ரிஸ்பெரிடோன் பெரும்பாலும் தினம் 2 முதல் 6 மி.கி., ஒலான்சபின் 10 முதல் 20 மி.கி. முதல் முறை நோய் வந்தவர்களுக்குக் குறைந்த அளவே போதும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. அளவை ஒரே நாளில் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம்.

மறைந்திருக்கும் செலவு மறதி. பின்லாந்தில் முதல் முறை மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 2,588 பேரை நாடு முழுவதும் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. மருந்தை ஆரம்பித்து 30 நாளாவது தொடர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இது சோம்பலால் மட்டும் வருவதல்ல. நோயின் இயல்பே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எண்ண வைப்பது. மருந்தால் வரும் தவிப்பும் காரணம்.

அந்தத் தவிப்பைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் போன்றவற்றில் சிலருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. கால் மாற்றி மாற்றி நிற்பார், கூடத்தில் நடந்துகொண்டே இருப்பார், உள்ளுக்குள் எரிகிறது என்பார். வீட்டார் இதை நோய் ஏறிவிட்டதாக நினைத்து டாக்டரிடம் சொல்ல, மருந்தின் அளவு கூட, தவிப்பும் கூடும். மருந்து ஆரம்பித்த அல்லது கூட்டிய சில நாட்களில் இது தொடங்கினால், 'கோபமாக இருக்கிறார்' என்று சொல்லாமல், 'உட்கார முடியவில்லை என்கிறார்' என்று அப்படியே சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே மாறும்.

இன்னொரு செலவு உடல் எடை. ஒலான்சபினில் பசி அடங்காது. முதல் 6 வாரம் வாரம் ஒருமுறை எடை, 3-ஆம் மாதத்திலும் பிறகு ஆண்டுதோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோனிலும் அமிசல்பிரைடிலும் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் கசியலாம். வேறு மருந்துக்கு மாற்றியதும் மாதவிடாய் திரும்பும், அதோடு கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் எதிர்பாராமல் கருவுற்று, பயந்து மருந்தை நிறுத்தி, நோயும் திரும்புவது நடக்கிறது.

மருந்தால் வரும் உடல் விறைப்புக்காகக் கூடவே எழுதப்படும் ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையையும் கவனியுங்கள். ரிஸ்பெரிடோனோடு ஒரே மாத்திரையாகவே அது விற்கப்படுகிறது. விறைப்பும் நடுக்கமும் இல்லாதவருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், ஞாபகக் குறைவு ஆகியவைதான் மிச்சம். 'இது இன்னும் தேவையா?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நீடித்து வேலை செய்யும் ஊசி

மாத்திரை சாப்பிட்டபோதெல்லாம் நன்றாக இருந்தார், நிறுத்தியபோதெல்லாம் விழுந்தார். இதுதான் ஊசிக்கான மிகத் தெளிவான அடையாளம். மேலே சொன்ன பின்லாந்து ஆய்வில், அதே மருந்தை மாத்திரையாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், ஊசியாக எடுத்தவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. அத்தகைய ஆய்வில் சேர்பவர்கள் எப்படியும் ஒழுங்காக வருபவர்கள், அவர்களைக் கவனிக்க ஆட்களும் உண்டு. அன்றாட வாழ்க்கையில் அந்தக் கவனிப்பு இருப்பதில்லை. அதனால்தான் ஊசியின் பயன் அங்கே கூடுதலாகத் தெரிகிறது.

பழைய வகை ஊசிகள் எண்ணெயில் கரைத்தவை. ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட், ஹாலோபெரிடால் டெக்கனோயேட் இரண்டும் நல்லெண்ணெயில். ஃப்ளூபென்டிக்சால் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த மெல்லிய எண்ணெயில். எள் ஒவ்வாமை உள்ளவருக்கு முதல் இரண்டும் ஆகாது. எள்ளுருண்டை சாப்பிட்டுத் தடிப்பு வந்த அனுபவம் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஃப்ளூஃபெனசின் 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று, ஹாலோபெரிடால் 4 வாரத்துக்கு ஒன்று. விலை குறைவு, அரசு மருத்துவமனைகளில் கிடைப்பவை. விறைப்பும் நடுக்கமும் இவற்றில் அதிகம்.

புதிய வகையில் பாலிபெரிடோன் பால்மிடேட்: முதல் நாள் ஒரு ஊசி, 8-ஆம் நாள் இரண்டாவது, இரண்டும் தோள் தசையில், பிறகு மாதம் ஒன்று. குறைந்தது 4 மாதம் நிலைத்த பிறகு 3 மாதத்துக்கு ஒன்றாக மாற்றும் வகையும் உண்டு. தனியாரில் ஒரு ஊசிக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். ரிஸ்பெரிடோன் நுண்துகள் ஊசி 2 வாரத்துக்கு ஒன்று. அது ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், முதல் ஊசிக்குப் பிறகு 3 வாரம் மாத்திரையும் சேர்ந்து தொடர வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். எண்ணெய் ஊசி போட்ட அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தசையிலிருந்து மருந்து மெல்லக் கசிந்து ரத்தத்தில் நிலையான அளவை எட்ட 2 முதல் 3 மாதம் பிடிக்கும். அதற்குள் நோய் தலைதூக்க, 'ஊசியும் கேட்கவில்லை' என்று கைவிடுவார்கள். எத்தனை வாரம் மாத்திரையும் சேர்ந்து போக வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

திருப்பி எடுக்க முடியாது என்பது பெரிய மறைசெலவு. ஹாலோபெரிடால் டெக்கனோயேட்டில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து உடல் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டே ஊசிக்குப் போக வேண்டும். கடும் காய்ச்சல், உடல் மரக்கட்டை போல விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால், அது மாத்திரையானாலும் ஊசியானாலும், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஊசி போட்டவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

ஊசி போடும் முறையும் முக்கியம். எண்ணெய் ஊசியைத் தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து ஆழமாகத் தசையில் போட்டு, பிறகு தோலை விட வேண்டும். அப்போதுதான் மருந்து வழியோடு திரும்பி வராது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒருமுறை வலது, அடுத்த முறை இடது. பின்புறத்தில் கட்டியாக இருந்தால் அங்கே மறுபடி போடாமல் காட்ட வேண்டும்.

ஊசி தப்பிப்போனால் அது உடனே தெரிந்துவிடும் என்பது இதன் தனிச்சிறப்பு. மாத்திரை நின்றது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஊசி தேதி கடந்தால் காலண்டரே சொல்லும், நோய் திரும்புவதற்குள் சரிசெய்ய அவகாசமும் இருக்கும். மாத பாலிபெரிடோனில் கடைசி ஊசியிலிருந்து 6 வாரத்துக்குள் என்றால் வழக்கமான ஊசியே போதும்; அதைத் தாண்டினால் தொடக்க முறையை மீண்டும் செய்ய வேண்டும்.

ஊசியைத் தண்டனையாகக் காட்டிவிடாதீர்கள். 'மாத்திரை சாப்பிடாவிட்டால் ஊசிதான்' என்று மிரட்டிய வீட்டில், பிறகு அதையே நல்ல வழியாக எடுத்துச் சொல்ல முடியாது. 'தினமும் சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்டு உன்னை நாங்க தொந்தரவு பண்ண வேண்டியிருக்காது' என்று சொன்னால் பலர் யோசிப்பார்கள். அது உண்மையும்கூட. வீட்டில் தினமும் நடக்கும் அந்தச் சண்டை நின்றுவிடும்.

குளோசபின்

ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மருந்துகள் தோற்றன என்றால், மூன்றாவதாக இன்னொரு சாதாரண மருந்தைத் தேடுவதில் பெரும்பாலும் பயனில்லை. 1988-இல் அமெரிக்காவில் 268 பேரிடம் நடந்த ஆய்வுதான் இதற்கு அடித்தளம். மருந்துக்கு அடங்காதவர்களில் குளோசபின் எடுத்த 30 சதவீதத்தினர் 6 வாரத்தில் தெளிவாக மேம்பட்டார்கள். பழைய மருந்தான குளோர்ப்ரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதத்தினர் மட்டுமே. நாட்கள் கூடக்கூட மேம்படுவோர் எண்ணிக்கையும் கூடும். அதனால் போதிய அளவை எட்டிய பிறகு சில மாதங்களாவது பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துபவர்களுக்கும் இது தனித்த பயன் உடையது. 2003-இல் வெளியான 980 பேர் ஆய்வு அதைக் காட்டியது.

அப்படியிருந்தும் இது ஏன் தள்ளிப்போடப்படுகிறது? 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்தை எடுத்தவர்களில் சிலருக்கு, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் திடீரென்று வற்றி, 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தைத் திரும்பப் பெற்றன. ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு 1989-இல் அமெரிக்கா அனுமதித்த பிறகே அது மீண்டும் வந்தது. கடுமையான வெள்ளணு வீழ்ச்சி நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரங்களில். அதனால்தான் முதல் 18 வாரம் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு இடைவெளி கூடி, மாதம் ஒன்று. 2025-இல் அமெரிக்கா கட்டாயப் பதிவு முறையை விலக்கிக்கொண்டது. பரிசோதனையே வேண்டாம் என்று பொருளல்ல.

ரிப்போர்ட்டைப் படிக்க நீங்களே கற்றுக்கொள்ளலாம். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை, வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 6,000, நியூட்ரோஃபில் 55 என்றால் 3,300. இந்த எண் 1,500-க்கு மேல் இருந்தால்தான் மருந்தைத் தொடங்குவார்கள். பின்னர் 1,500-க்குக் கீழே வந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். 1,000-க்குக் கீழே என்றால் மருந்து நிற்க வேண்டும். சில நாடுகளின் நெறிமுறை 1,500-லேயே நிறுத்தச் சொல்கிறது. பரிசோதனைத் தேதி எப்போதாக இருந்தாலும், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஆனால் எல்லோரும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குளோசபின் குடலின் அசைவை மிகவும் மந்தமாக்கும். குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. நோயாளி தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். 2 நாள் மலம் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள். வயிறு உப்பி வலியோ வாந்தியோ சேர்ந்தால் அது அவசரம். ட்ரைஹெக்சிபெனிடிலும் கூடவே இருந்தால் அபாயம் இன்னும் கூடும்.

முதல் 4 முதல் 6 வாரத்தில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் படபடப்பு வந்தால் இதயத்தசை அழற்சியா என்று பார்க்க வேண்டும். தூங்கும்போது எச்சில் வடிந்து தலையணை நனையும். ஒருக்களித்துப் படுப்பதும் தலையணையில் துண்டு விரிப்பதும் உதவும். எழும்போது தலைசுற்றும் என்பதால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அளவு கூடக்கூட வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. எடையும் சர்க்கரையும் ஒலான்சபின் போலவே ஏறும்.

அளவு 12.5 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏறும். பாடப்புத்தகங்களில் 300 முதல் 450 மி.கி. என்று இருக்கும், நம்மூர்க்காரர்களில் பலருக்கு அதைவிடக் குறைவாகவே போதுமானதாகிறது. தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம். டாக்டரைக் கேட்டு 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து வைத்துவிட்டு, மூன்றாம் நாள் வந்து 300 மி.கி. கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

புகைப்பவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஒரு வாரத்துக்குள் கணிசமாக ஏறிவிடும். காய்ச்சலில் படுத்து பீடி பிடிக்காமல் இருந்தாலும் அப்படியே. வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசினும் அளவை ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிபின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது என்பதால் இதோடு சேரவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், குளோசபின் சீட்டைக் காட்டுங்கள்.

இவ்வளவையும் படித்தால் பயம் வரும். அந்தப் பயத்தை எதிர்ப்பக்கத்துச் செலவோடு வைத்துப் பாருங்கள். பத்தாண்டுகளாகக் குரல்களோடு ஒரு அறையில் அடைந்து கிடப்பதும் உயிரைக் குறைக்கும் ஒன்றுதான். தகுதியுள்ளவர்களுக்கு இந்த மருந்து தாமதமாகப் போய்ச் சேர்வதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய அநியாயம்.

பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | தினசரி மாத்திரை | நீடித்த ஊசி | குளோசபின் |
|---|---|---|---|
| எந்தச் சிக்கலுக்கு | மருந்தும் கேட்கிறது, ஒழுங்காகவும் சாப்பிடுகிறார் | மருந்து கேட்கிறது, ஆனால் தொடர்வதில்லை | ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மருந்து தோற்றன. தற்கொலை எண்ணம் விடவில்லை |
| நிறுத்த வேண்டியிருந்தால் | சில நாளில் வெளியேறும் | வாரங்கள், சிலவற்றில் மாதங்கள் | சில நாளில் வெளியேறும். திடீர் நிறுத்தம் நோயை வேகமாகத் திருப்பும் |
| பயணம் | 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை | 2 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை | முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை லேப் |
| கண்காணிப்பு | எடை, சர்க்கரை, நடுக்கம் | அதே, அதோடு ஊசி இடம் | அதே, அதோடு வெள்ளணு, குடல், இதயம் |
| வீட்டில் தேவை | நினைவூட்ட ஒருவர் | தேதி பார்க்க ஒருவர் | தினமும் கவனிக்க ஒருவர் |
| பொருந்தாத இடம் | அட்டையில் மாத்திரை மீதமாகும் வீடு | அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாதவர் | லேப்புக்குப் போகவே வழியில்லாத, துணை இல்லாத நிலை |

பட்டியலில் இல்லாத இரண்டு வழிகள்

வீடுகளில் பேசப்படும் நான்காவது வழி, 'சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாம்' என்பது. 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான கணக்கில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கு. ஏமாற்றுவது இதில் உள்ள இடைவெளி. நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. பல வாரம் நன்றாக இருப்பார், மயக்கம் குறைந்து இன்னும் சுறுசுறுப்பாகக்கூடத் தெரிவார். நான்காம் மாதம் தூக்கம் கெட்டு நோய் திரும்பும்போது, யாரும் அதை மருந்து நின்றதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. முதல் முறை வந்து முழுதும் சரியானவர் 1 முதல் 2 ஆண்டுக்குப் பிறகு டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில் மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். பலமுறை திரும்பியவருக்கு 5 ஆண்டோ அதற்கு மேலோ.

ஐந்தாவது வழி, தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது. வேறு வழியில்லாத துயரத்தில்தான் எந்த அம்மாவும் இதைச் செய்கிறார். குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் 'சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்' என்று சந்தேகப்படும் ஒருவருக்கு, உண்மையிலேயே கலந்ததைக் கண்டுபிடிக்கும் நாள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவர் நோயின் சந்தேகம் அன்றைக்கு நிரூபணமாகிவிடும். மீண்டும் நம்பிக்கை பெற ஆண்டுகள் ஆகும். அளவும் நிற்காது: பாதி சாப்பிட்டு எழுந்தால் பாதி மருந்து, தட்டு மாறினால் தங்கைக்கு மருந்து. ரிஸ்பெரிடோன் திரவம் டீயோடு சேராது. குளோசபினை ஒருபோதும் இப்படிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலையும் மலச்சிக்கலையும் அவர் சொன்னால்தான் அவர் உயிருக்குப் பாதுகாப்பு.

கலந்தே ஆக வேண்டிய நெருக்கடிக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அது டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம். வெளிப்படையான ஊசிக்கோ, சில நாள் மருத்துவமனையில் சேர்ப்பதற்கோ அதுவே தொடக்கமாக இருக்கட்டும். இரவு நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் தமிழிலும் பதில் சொல்லும்.

மாறும்போது நடக்கும் பிசகுகள்

மாத்திரையிலிருந்து ஊசிக்குப் போவது எளிது: மேலே சொன்னபடி சில வாரம் இரண்டும் சேர்ந்து. ஊசியிலிருந்து குளோசபினுக்குப் போவதில்தான் திட்டம் வேண்டும். வெள்ளணு குறைந்தால் எல்லா மருந்தையும் நிறுத்த வேண்டிவரும். உடலில் தங்கியிருக்கும் ஊசி மருந்தை மட்டும் நிறுத்த முடியாது. ஆகவே குளோசபின் வரும் வாய்ப்பு தெரிந்தால், அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

அந்தப் பேச்சுக்குப் போகும்போது மருந்து அட்டைகளை மீதியோடு எடுத்துச் செல்லுங்கள். இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், ஏன் நின்றது என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். இந்த ஒரு தாள் இல்லாததால், ஏற்கனவே தோற்ற மருந்தே புது டாக்டரால் மறுபடி தொடங்கப்படுகிறது. தினம் எத்தனை பீடி என்பதையும் அதில் சேருங்கள்.

அதே தாளின் பின்பக்கத்தை நோயாளிக்கு விடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நலமாக இருக்கும்போதே எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று எழுதிவைக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. எந்த ஊசி உடலை விறைக்க வைத்தது, எந்த மாத்திரையில் ஓரளவு தூங்க முடிந்தது, தோளில் போட்டால் பரவாயில்லை ஆனால் இடுப்பில் வேண்டாம்: இதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்தவை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த ஒரு காலை நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.